‘இங்கே வா’விலிருந்து ‘சங்ஙாதி’ வரை

சண்டை முற்றும்போது “இனிமே உன் சங்காத்தமே வேண்டாம்” என்று சொல்வோம் இல்லையா? நம்மிடம் அந்தச் சொல் சண்டையில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. மலையாளத்தில் அது இன்னும் நல்ல நிலைமையில் இருக்கிறது. அங்கே ‘சங்ஙாத்தம்’ என்றால் நட்பு, ‘சங்ஙாதி’ என்றால் தோழன்.

இந்தச் ‘சங்ஙாதி’யைத்தான் கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் (அவர்கள் சொல்வது சாக்ஷரதா மிஷன், தலைமையகம் திருவனந்தபுரம்) ஒரு திட்டத்துக்குப் பெயராக வைத்தது. வங்காளம், பீகார், அஸ்ஸாம், ஒடிசா என்று வடக்கிலிருந்து கூலி வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு மலையாளம் சொல்லித் தரும் திட்டம். 2017 ஆகஸ்ட் 15 அன்று பெரும்பாவூரில் தொடங்கினார்கள். பாடப்புத்தகத்தின் பெயர் ‘ஹமாரி மலையாளம்’. முதல் சொல் இந்தி, இரண்டாவது மலையாளம். பெயரிலேயே பாலம் கட்டிவிட்டார்கள்.

வெளியூரில் (சரி, வெளிக்கண்டத்தில்) பிழைக்கிற எனக்கு இந்த மாதிரிச் செய்திகள் கண்ணில் பட்டால் தாண்டிப் போக முடிவதில்லை. வளர்ந்த ஆள், மீசை முளைத்து நரைக்கவும் ஆரம்பித்த ஆள், புது ஊரில் போய் “தண்ணி”க்கு என்ன சொல் என்று கேட்டு நிற்பது இருக்கிறதே, அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. திருவனந்தபுரத்தை மையமாக வைத்து அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். பதிவு நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போனவர்களும் வந்தவர்களும்

முதலில் இரண்டு எண்கள். கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு என்று ஒன்றை 1998ல் தொடங்கியது திருவனந்தபுரத்தில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம். அந்தக் கணக்கெடுப்பின் 2023 சுற்றின்படி வெளிநாடுகளில் இருக்கும் கேரளத்துக்காரர்கள் ஏறக்குறைய 22 லட்சம். அதே ஊரில் இருக்கும் குலாத்தி நிதி, வரி ஆய்வு நிறுவனம் 2013ல் இன்னொரு கணக்கு எடுத்தது. வேறு மாநிலங்களிலிருந்து கேரளத்துக்கு வேலைக்கு வந்திருப்பவர்கள் ஏறக்குறைய 25 லட்சம் என்றது.

இரண்டும் ஒரே வருடத்துக் கணக்கில்லை, முறையும் வேறு, அதனால் கூட்டிக் கழிக்கக் கூடாது. ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனவர்கள் எத்தனை பேரோ, கிட்டத்தட்ட அத்தனை பேர் வந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் துபாய்க்கும் லண்டனுக்கும் போவதற்கு ஆங்கிலமும் அரபியும் ஜெர்மனும் படிக்கிறார்கள். இன்னொரு பக்கம் முர்ஷிதாபாத்திலிருந்து வந்தவன் சிமெண்ட் சட்டியைத் தூக்கிக்கொண்டே ‘மதி, மதி’ என்றால் ‘போதும்’ என்று பழகிக்கொள்கிறான்.

வடக்கத்திக்காரர்கள் வருவதற்கு முன்னால் அந்தச் சட்டியைத் தூக்கியது நம் ஆட்கள்தான். திருநெல்வேலி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து போனவர்கள். அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. தேவையும் பெரிதாக வரவில்லை, ஏனென்றால் மலையாளிக்குத் தமிழ் புரியும். எம்.ஜி.ஆர், சிவாஜி காலத்திலிருந்து தியேட்டர்கள் அந்த வேலையைப் பார்த்துவைத்திருந்தன. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே வாயிலிருந்து ஒரே வாக்கியத்தில் வருவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தச் சாலையில் கடை வைத்திருந்த ஆ. மாதவன் அதைக் கதைகளாகவே எழுதிவைத்துவிட்டுப் போனார். புரியும் என்பதற்காக மரியாதை கிடைத்தது என்று அர்த்தமில்லை. ‘பாண்டி’ என்ற சொல்லைக் கேட்காமல் அங்கே கூலி வேலை பார்த்துத் திரும்பிய தமிழன் குறைவு.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது. எந்த மாநிலமாக இருந்தாலும் ஊரார் வாயில் அவர்கள் எல்லோரும் ‘பெங்காலி’ அல்லது ‘பாய்’. அரசாங்கம் மட்டும் ‘அதிதி தொழிலாளி’ என்கிறது. விருந்தாளித் தொழிலாளி! விருந்தாளியை வேலை வாங்குவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்காதீர்கள் :-) நோக்கம் நல்ல நோக்கம்தான்.

துரைமார் படித்த தமிழ்

வந்த இடத்தின் மொழியை வளர்ந்தவர்கள் உட்கார்ந்து படிப்பது நம் பக்கத்தில் புதிதில்லை. இருநூறு வருடங்களுக்கு முன்னால் அதை மிகவும் ஒழுங்காகச் செய்தவர்கள் வெள்ளைக்காரர்கள்.

1812ல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மாணவர்கள் யார் என்றால், இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கிய கம்பெனியின் இளம் அதிகாரிகள். ஆசிரியர்கள் நம்மூர் முன்ஷிகளும் புலவர்களும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று படித்துத் தேர்வு எழுத வேண்டும். தேறினால் படித்தொகை ஏறும். அதாவது மொழி படிப்பதற்கு அவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் கல்லூரியின் மூளை எல்லிஸ். கேம்ப்பெல் என்ற அதிகாரி எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு 1816ல் எல்லிஸ் ஒரு முன்னுரைக் குறிப்பு எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியவை ஒரே குடும்பம், சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் இல்லை என்று அதில்தான் சான்றுகளோடு காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856ல்தான் வருகிறது. நம் அரசியலையே மாற்றிப்போட்ட ஒரு கருத்து, புதிதாக வந்த உத்தியோகஸ்தர்களுக்காக எழுதிய பாடப்புத்தகத்தின் முகப்பில் பிறந்திருக்கிறது. வந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் நம் மொழி நமக்கே புதிதாகத் தெரிய ஆரம்பிக்கிறது. சின்னப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பாதிரிமார் கதை கொஞ்சம் வேறு. ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்து தமிழ் படித்துவிட்டு, 1806ல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். ஹெர்மன் குண்டர்ட் 1836ல் இந்தியா வந்தவர், முதலில் திருநெல்வேலிப் பக்கம் தமிழ் பழகினார். பிறகு தலசேரி போய் மலையாளம். 1851ல் மலையாள இலக்கணம், 1872ல் அகராதி. மலையாளிகள் இன்றைக்கும் கையில் எடுக்கும் அகராதி அது. பழமொழிகளைத் தேடித் தேடிச் சேர்த்து ஆயிரம் பழமொழிகளை ஒரு நூலாகவே போட்டார். நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே இவருடைய மகள் வயிற்றுப் பேரன்.

மூன்றாவது வகை தேயிலைத் தோட்டத்துத் துரைகள். இவர்களுக்கு இலக்கணமும் வேண்டாம், பழமொழியும் வேண்டாம். இலங்கை மலைகளில் வேலை செய்தவர்கள் தமிழர்கள், ஆகவே துரைக்குத் தமிழ் தெரிந்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஃபெர்குசன் என்பவர் போட்ட ஒரு சட்டைப்பைப் புத்தகத்தின் பெயர் ‘இங்கே வா’. சின்னத் துரைகளுக்கான தமிழ் வழிகாட்டி. (தோட்டத்தில் மேனேஜர் பெரிய துரை, அவருக்கு உதவியாளராகப் புதிதாக வந்த வெள்ளைக்காரப் பையன் சின்னத் துரை.) 1915ல் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொரு புத்தகம் ‘கூலித் தமிழ்’.

தலைப்பைப் பாருங்கள். ‘இங்கே வாருங்கள்’ இல்லை, ‘வாங்க’ கூட இல்லை. ‘வா’. அப்பா வயதுக்காரனையும் அந்தப் பையன் அப்படித்தான் கூப்பிடப் போகிறான், ஆகவே அவன் படிக்க வேண்டிய முதல் தமிழ் அதுதான் என்று புத்தகம் போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மொழிப் புத்தகத்தைத் திறந்து முதலில் என்ன வாக்கியம் சொல்லிக்கொடுக்கிறது என்று பாருங்கள். படிக்கிறவன் அந்த ஊரில் எந்த நாற்காலியில் உட்காரப் போகிறான் என்று தெரிந்துவிடும்.

பரதேசி என்றால் யார்?

திருவனந்தபுரத்துக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரம் அங்கே மாறியது. அரசு என்று ஒன்று வந்தால் எழுத்துவேலையும் வரும், எழுத்துவேலை இருந்தால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். நாஞ்சில் நாட்டிலிருந்தும் தஞ்சாவூர், கும்பகோணத்திலிருந்தும் வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் தஞ்சாவூர் சுப்பா ராவ். சுவாதித் திருநாள் மகாராஜா சிறுவனாக இருந்தபோது ஆங்கிலம் கற்பித்தவர். பின்னாளில் திவானாகவும் ஆனார். சரித்திரத்தில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர் ‘இங்கிலீஷ் சுப்பா ராவ்’. நம் ஊரில் ஆளுக்குத் தொழிலை வைத்துப் பட்டப்பெயர் வைப்போம், ‘டாக்டர் வீடு’, ‘வக்கீல் ஆத்து மாமா’ என்று. ஒரு மொழி தெரிந்திருப்பதே ஒரு தொழில் மாதிரி, ஒரு சொத்து மாதிரி இருந்த காலம் அது. 1834ல் மகாராஜா ஊர்ப் பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 1866ல் கல்லூரியாகி, இன்றைய யூனிவர்சிட்டி காலேஜ் ஆயிற்று. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த இடம்.

பள்ளிக்கூடம் வந்து ஐம்பது அறுபது வருடங்களில் ஒரு கேள்வி எழுந்தது. இப்போது எங்கள் பிள்ளைகளும் ஆங்கிலம் படித்துவிட்டார்கள், ஆனாலும் பெரிய உத்தியோகம் எல்லாம் ஏன் வெளியூர் ஆட்களுக்கே போகிறது? 1891ல் மகாராஜாவிடம் பத்தாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டுக் கொடுத்த ‘மலையாளி மெமோரியல்’ விண்ணப்பம் அந்தக் கேள்விதான். அதில் குறிவைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பிராமணர்கள். அவர்களுக்கு அங்கே பெயர் ‘பரதேசி’.

தமிழில் பரதேசி என்றால் திருவோடு ஏந்தியவன். திருவிதாங்கூரில் பரதேசி என்றால் ஹஜூர்க் கச்சேரியில் மேல்நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். ஒரே சொல். வெளியூரிலிருந்து வந்தவன் கையில் ஆங்கிலம் இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் இன்னொரு பொருள். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலரும் இந்த இரண்டு பொருளுக்கு நடுவில்தான் நடமாடிக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம். அலுவலகத்துக்குள் முதல் பொருள், பார்க்கிங் தகராறில் இரண்டாவது பொருள்.

கதவும் சாவியும்

இப்போது கொஞ்சம் கடல் தாண்டி வரலாம். நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் 1901ல் ஒரு சட்டம் வந்தது. வந்து இறங்குகிறவனுக்கு ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களை ஓர் அதிகாரி வாசிப்பார். வந்தவன் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். வெள்ளைத் தோல் இல்லாதவர்களைச் சட்டத்தில் அப்படி எழுதாமலே வெளியில் நிறுத்துவதற்கான தந்திரம் இது. 1934ல் எகான் கிஷ் என்ற செக் நாட்டு எழுத்தாளருக்குப் பல மொழிகள் தெரிந்திருந்ததால், அவரைத் தடுக்க ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள்! 1958ல்தான் இந்தத் தேர்வு ஒழிந்தது.

அதே நாடு, 1948ல், இன்னொரு வேலையும் செய்தது. இரண்டாம் உலகப்போரில் வீடிழந்து ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்தவர்களுக்கு அரசாங்கச் செலவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. கப்பலிலேயே வகுப்பு, பிறகு பானெகில்லா மாதிரியான முகாம்களில் வகுப்பு. வகுப்பில் போலந்துக்காரன், லாட்வியாக்காரன், உக்ரேன்காரன் என்று பத்து மொழிக்காரர்கள் இருந்தால் எந்த மொழியில் விளக்குவது? எதிலும் விளக்காமல் ரொட்டியைக் காட்டி ரொட்டி என்றார்கள், பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதை நடித்துக் காட்டினார்கள். கடை, தபாலாபீஸ், டாக்டர் வீடு என்று சூழ்நிலை சூழ்நிலையாகப் பாடம். வயது வந்தோருக்கான அந்தத் திட்டம் பெயர் மாறி, உருமாறி, எழுபத்தைந்து வருடங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நெடுங்காலம் ஆளுக்கு 510 மணிநேரம் என்று அளவு வைத்திருந்தார்கள். 2021ல் அந்த அளவையும் எடுத்துவிட்டார்கள்.

மொழி கதவாகவும் இருக்கும், சாவியாகவும் இருக்கும். ஒரே அரசாங்கம் பத்து வருடங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

சரி, கடையில் கேட்கவும் பஸ்ஸில் போகவும் படித்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் எழுதியது. பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகம். அங்கே பரிமாறும் வேலைக்கு இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வந்த பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். இறைச்சி எடுக்கிறவரிடம் கிரேவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். வெள்ளைக்காரப் பெண்கள் ‘கிரேவி?’ என்று கடைசியில் குரலை உயர்த்துவார்கள். நம் பெண்கள் ‘கிரேவி.’ என்று குரலை இறக்கினார்கள். சொல் ஒன்றுதான். ஆனால் சாப்பிட வந்தவர்கள் காதில் அது “இது கிரேவி, வேணும்னா எடு, இல்லாட்டிப் போ” என்று விழுந்தது. திமிர் பிடித்தவர்கள் என்று புகார். இந்தப் பெண்களோ, நம்மை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று மனம் நொந்துபோயிருந்தார்கள். குரலைப் பதிவு செய்து, எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டியபோதுதான் இரண்டு பக்கத்துக்கும் விஷயம் விளங்கியது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், உட்கார்ந்து கேட்டது இரண்டு தரப்பும் என்பதுதான். மொழிப் பிரச்சினை என்றால் வந்தவன் திருந்த வேண்டியது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். காதுக்கும் பயிற்சி வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை.

நர்ஸம்மாவின் பரீட்சை

திருவனந்தபுரத்திலிருந்து வெளியே போகிறவர்களைப் பார்க்கலாம். கேரளத்து நர்ஸுகள் இல்லாத நாடு எது? அவர்களுக்கு முன்னால் நிற்கும் மலை, ஆங்கிலப் பரீட்சை. பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சில் 2007லிருந்து வெளிநாட்டு நர்ஸுகளிடம் ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வில் 7 மதிப்பெண் கேட்டது. பதினைந்து வருடம் ஐ.சி.யூவில் வேலை பார்த்த பெண், ‘நகரமயமாதலின் நன்மை தீமைகள்’ மாதிரித் தலைப்பில் கட்டுரை எழுதி அரை மதிப்பெண்ணில் தோற்பாள். மறுபடி பணம் கட்டுவாள். மறுபடி எழுதுவாள்.

ஆஸ்திரேலியாவில் 1980களில் உருவான இன்னொரு தேர்வு இருக்கிறது, ஓ.இ.டி. மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கென்றே செய்தது. பேச்சுத் தேர்வில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், தேர்வெழுதுகிறவர் நர்ஸாகவே பேசலாம். ஊசிக்குப் பயப்படுகிறவரைச் சமாதானப்படுத்துவது, வீட்டுக்குப் போன பிறகு புண்ணுக்குக் கட்டு எப்படி மாற்றுவது என்று சொல்வது, இதெல்லாம்தான் பரீட்சை. எழுத்துத் தேர்வு என்றால் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியைப் பற்றிக் கடிதம். செய்யப்போகும் வேலையை வைத்தே மொழியைச் சோதிப்பது. 2017ல் பிரிட்டன் இதையும் ஏற்றுக்கொண்டது. 2018 டிசம்பரில் ஐ.இ.எல்.டி.எஸ் எழுத்துப் பிரிவுக்கு மட்டும் 7ஐ 6.5 ஆகக் குறைத்தது. அந்த அரை மதிப்பெண்ணை நம்பி எத்தனை வீடுகளில் கடன் வாங்கியிருந்தார்கள் என்று ஏற்றுமானூர், பத்தனம்திட்டா பக்கம் விசாரித்தால் தெரியும்.

2021 டிசம்பரில் கேரள அரசின் நோர்க்கா அமைப்பு ஜெர்மனியோடு ‘ட்ரிபிள் வின்’ என்ற ஒப்பந்தம் போட்டது. அதில் ஜெர்மன் மொழிப் பயிற்சியும் அடக்கம். 2023ல் திருவனந்தபுரத்திலேயே நோர்க்கா ஒரு வெளிநாட்டு மொழி நிறுவனம் தொடங்கி ஆங்கிலமும் ஜெர்மனும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. அதுவரை இந்தத் துறை பெரும்பாலும் தனியார் கோச்சிங் சென்டர்களின் கையில்.

1812ஐ மறக்கவில்லையே? அன்றைக்கு வந்திறங்கிய துரைக்கு மொழி படித்ததற்காகப் படித்தொகை ஏறியது. இன்றைக்குப் புறப்படுகிற நர்ஸம்மா மொழி படிப்பதற்காக நகையை அடகு வைக்கிறாள். ஆளப் போகிறவனுக்கும் பணிவிடை செய்யப் போகிறவளுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கணக்கில் வந்துவிடுகிறது.

எந்த வாக்கியம் முதலில்?

வளர்ந்தவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதில் கேரளத்துக்கு நல்ல அனுபவம் உண்டு. 1989ல் எர்ணாகுளம் மாவட்டத்தில் சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து வீடு வீடாக இறங்கின. 1990 பிப்ரவரி 4 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அதை அறிவித்தார்கள். 1991 ஏப்ரல் 18ல் மாநிலம் முழுவதும். அந்த இயக்கத்தில் கண்டுபிடித்த ஒரு விஷயம், நிறைய முதியவர்களுக்குப் படிப்பு ஏறாததற்குக் காரணம் மூளை இல்லை, கண். எழுத்தே தெரியவில்லை. உடனே ஆயிரக்கணக்கில் மூக்குக்கண்ணாடி சேர்த்துக் கொடுத்தார்கள். ‘வயசாயிடுச்சு, இனிமே எங்கே’ என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கண்ணாடிக் கதையைத்தான் சொல்வது வழக்கம். 2018ல் 96 வயதுக் கார்த்தியாயினி அம்மா எழுத்தறிவுத் தேர்வில் 98 மதிப்பெண் வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அவர் தேர்வெழுதியதும் இதே எழுத்தறிவு இயக்கத்தில்தான்.

அந்த அனுபவத்தோடுதான் ‘சங்ஙாதி’க்கு வந்தார்கள். நாலு மாதப் படிப்பு. வேலை முடிந்த நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வகுப்பு. பெரும்பாவூரில் தொடங்கியது மற்ற மாவட்டங்களுக்கும் போயிற்று. 2020ல் கொல்லம் மாவட்டத்தில் பீகாரிலிருந்து வந்து குடியிருந்த ஒரு பெண் நூற்றுக்கு நூறு வாங்கினார். பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

அதே 2020ல் மார்ச் 29 அன்று கோட்டயம் மாவட்டம் பாயிப்பாட்டில் நடந்ததும் நினைவிருக்கும். ஊரடங்கு அறிவித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வடக்கத்தித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து, ஊருக்குப் போக வேண்டும் என்று நின்றார்கள். சோறு, வதந்தி, பயம் என்று காரணங்கள் பல. ஆனால் சொல்வதைப் புரியவைக்கவும் கேட்பதைப் புரிந்துகொள்ளவும் நடுவில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு இந்தியிலும் வங்காளியிலும் ஒடியாவிலும் அறிவிப்புகள் ஓடின. வந்தவன் மலையாளம் படிப்பது ஒரு பாதி என்றால் இருப்பவன் அவன் மொழியில் நாலு வார்த்தை சொல்வது மறுபாதி. விமான நிலையத்து கிரேவிக் கதையேதான்.

நான் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க்கில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். தமிழனுக்கு மலையாளம் எளிது என்று நினைத்துப் போகிறவனை முதலில் கவிழ்ப்பது தெரிந்த சொற்கள்தான். அங்கே ‘வெள்ளம்’ குடிக்கக் கேட்பார்கள். நமக்கு வெள்ளம் என்றால் ஊரைக் காலி செய்ய வேண்டும். நமக்கு ‘பறை’ மேளம், அங்கே ‘பறை’ என்றால் ‘சொல்லு’. சொற்களை ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம். பிடிபடாதது, எப்போது எதைச் சொல்லலாம் என்பது.

அதனால் புதிதாக ஓர் ஊருக்குப் பிழைக்கப் போகிறவன் முதலில் படிக்க வேண்டிய வாக்கியங்கள் என்று என் மனதில் ஒரு பட்டியல் உண்டு. ‘முப்பது நாளில்’ புத்தகங்களில் வரும் ‘இது ஒரு பூனை’ அதில் கிடையாது. (ரகு தாத்தாவும் கிடையாது!) மலையாளத்தில் சொன்னால்:

‘மனஸ்ஸிலாயில்ல.’ புரியவில்லை.
‘ஒன்னுகூடெ பறயாமோ?’ இன்னொரு தடவை சொல்ல முடியுமா?
‘இவிடெ வேதனயுண்டு.’ இங்கே வலிக்கிறது.
‘கூலி எப்போள் தரும்?’ கூலி எப்போது தருவீர்கள்?
‘எனிக்கு அறியில்ல.’ எனக்குத் தெரியாது.
‘வேண்டா.’ வேண்டாம்.

கவனித்துப் பாருங்கள், ‘இங்கே வா’ புத்தகத்தைப் பையில் வைத்திருந்த சின்னத் துரைக்கு இந்த ஆறில் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்காது. புரியாவிட்டால் அது எதிரில் நிற்பவனின் குற்றம். கூலி கொடுக்கிற இடத்தில் இருந்தவன் அவன். ‘வேண்டாம்’ சொல்ல அவனுக்கு மொழி எதற்கு, முகத்தைத் திருப்பினால் போதும். இந்த ஆறும் சாரத்தில் நிற்கிறவனுக்கு வேண்டிய வாக்கியங்கள். ஆஸ்பத்திரியில் வலி இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்லத் தெரியாதவன் சிகிச்சை தப்பிப் போகலாம். போலீஸ் ஸ்டேஷனில் புரியாததற்கெல்லாம் தலையாட்டுகிறவன் செய்யாததை ஒப்புக்கொண்டதாக ஆகலாம். ‘கூலி எப்போது’ என்று கேட்கத் தெரியாதவனுக்கு மேஸ்திரி சொல்வதுதான் கணக்கு. ‘புரியவில்லை’ என்று தைரியமாகச் சொல்லத் தெரிவது ஒருவனுடைய உயிரைக்கூடக் காப்பாற்றும்.

மொழி வகுப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ‘கூலி எப்போள் தரும்’ என்று அழகான மலையாளத்தில் கேட்டாலும் கொடுக்காதவன் கொடுக்க மாட்டான், அதற்குச் சட்டமும் சங்கமும் வேண்டும். பகலெல்லாம் கான்கிரீட் போட்டுவிட்டு வந்து உட்கார்கிறவனுக்குத் தூக்கம் வரும். நாலு மாதத்தில் வேலை வேறு ஊருக்கு மாறும், வகுப்பு பாதியில் நிற்கும். இதெல்லாம் மெல்பர்ன் வகுப்புகளுக்கும் பொருந்தும். ஆனால் வகுப்பு என்று ஒன்று நடக்கும்போது ஓர் அரசாங்கம் அவனிடம் ஒன்றைச் சொல்கிறது: நீ இங்கே பேசுவாய் என்று எதிர்பார்க்கிறோம். வேலை வாங்கினால் மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் வகுப்பு நடத்துவதில்லை, சைகையிலேயே முடித்துக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் திருப்பூரிலும் சென்னைக் கட்டடங்களிலும் இன்று வேலை பார்ப்பது இதே வடக்கத்தி ஆட்கள்தான். நாம் அவர்களுக்கு எந்த வாக்கியத்தை முதலில் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். ‘இங்கே வா’ கட்டாயம் தெரிந்திருக்கும்.

கடைசியாக அந்தப் பாடப்புத்தகத்தின் தலைப்பைப் பற்றி ஒன்று. ‘ஹமாரி’ என்ற இந்திச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? ‘எங்கள்’ என்றும் சொல்லலாம், ‘நம்’ என்றும் சொல்லலாம். இந்திக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்கு அப்படியில்லை, மலையாளத்துக்கும் அப்படியில்லை. அவர்களிடம் ‘ஞங்ஙளுடெ’ வேறு, ‘நம்முடெ’ வேறு. ‘எங்கள் மலையாளம்’ என்றால் கேட்கிறவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். ‘நம் மலையாளம்’ என்றால் அவனும் திண்ணையில் உட்கார்ந்தாயிற்று. பீகார்க்காரனுக்கு இந்த வித்தியாசம் அவன் மொழியில் கிடையாது. அந்தப் புத்தகத்தைப் படித்து முடிக்கும்போதுதான் இரண்டு சொல்லும் அவனுக்கு அறிமுகமாகும். இரண்டில் எது தன்னையும் சேர்த்துச் சொல்கிறது என்பதை ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டு அவன் தெரிந்துகொள்வான்.